மாலை 4 மணி முதல் காலை 8 மணி வரை: மலைப் பள்ளி விடுதிகளின் அன்றாடம்

நீலகிரியிலும் கொடைக்கானல் அமைந்துள்ள பழனி மலையிலும் உள்ள உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய பேச்சு வந்தால் கட்டிடங்கள், கட்டணம், ஆங்கிலப் பேச்சு, பெயர்பெற்ற பழைய மாணவர்கள் ஆகியவையே முன்னால் வந்து நிற்கின்றன. பாடம் நடத்துவது எல்லாப் பள்ளிகளும் செய்யும் வேலைதான். உறைவிடப் பள்ளிக்கென்று தனியாக இருப்பது, மாலை 4 மணிக்கு வகுப்பு விட்டதிலிருந்து மறுநாள் காலை 8 மணிக்கு மீண்டும் மணி அடிக்கும் வரையுள்ள 16 மணி நேரம். அந்த நேரத்தில் யார் சோறு போடுகிறார்கள், நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் யார் எழுந்து வருகிறார்கள், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையை மிரட்டும்போது யாருடைய காதில் அது விழுகிறது என்பவற்றைக் கொண்டே ஒரு விடுதியை எடைபோட முடியும். ஊட்டிக்கு அருகே லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளிக்கும், முதுமலைக் காட்டுக்குள் கார்குடியில் உள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஆயினும் இந்த 16 மணி நேரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது.

இவ்வளவு பள்ளிகள் மலையேறி வந்ததற்கு முதற்காரணம் நோய் அச்சம். 19-ஆம் நூற்றாண்டில் சமவெளியின் காய்ச்சலுக்குச் சதுப்பு நிலங்களிலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என்று மருத்துவர்களே நம்பினர்; உயரமான இடத்துக்குப் போவதே அதற்குத் தீர்வு என்பது அந்த நம்பிக்கையின் நீட்சி. காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிக்கொண்டது அப்படித்தான். 1857-இல் லக்னோவில் இறந்த ஆங்கிலேய அதிகாரி ஹென்றி லாரன்ஸின் நினைவாக, ஆங்கிலேயப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்கும் 1858-இல் ஊட்டியில் லாரன்ஸ் ஆதரவு இல்லம் தொடங்கப்பட்டது. பிறகு அது லவ்டேலுக்கு இடம் மாறியது. நீலகிரியின் முதல் ஆணையரான பிரீக்ஸின் நினைவாக 1874-இல் ஊட்டியில் ஒரு பள்ளியும், 1899-இல் குன்னூரில் ஹெப்ரான் பள்ளியும், 1901-இல் கொடைக்கானலில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைக்ளர்க் பள்ளியும் வந்தன. கடைசியாகச் சொன்னதுதான் இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி எனப்படுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸ், அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் ஊட்டிக்கு வந்து, அருகிலுள்ள சீகூர் மலைச்சரிவில் ஆய்வுக்குப் போன இடத்தில் தாமே மலேரியாக் காய்ச்சலில் விழுந்தார். காற்று பற்றிய கொள்கை பொய்த்துப் போனது. அதை நம்பிக் கட்டிய விடுதிகளோ நிலைத்துவிட்டன.

அந்தத் தொடக்கத்தின் அடையாளம் பள்ளி நாட்காட்டியில் நெடுங்காலம் தங்கியிருந்தது. சமவெளிப் பள்ளிகள் கோடையில் மூடும்போது மலைப் பள்ளிகள் திறந்திருந்தன. குளிர் மாதங்களில்தான் நீண்ட விடுமுறை. வெயில் தணிந்து, நோய் பயம் குறைந்த அந்த மாதங்களில்தான் பிள்ளைகளைக் கீழே அனுப்பலாம் என்பது கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் பெற்றோரே மலைக்கு வந்துவிடுவார்கள். ஆகவே பிள்ளை ஆண்டில் இருமுறை குடும்பத்தோடு சேர்ந்திருந்தது. பயணமோ எளிதன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைரயில் ஓடத் தொடங்கியது 1899-இல். ஊட்டி வரை அது எட்டியது 1908-இல். கொடைக்கானலுக்கு மோட்டார் செல்லும் சாலை 1910-களில்தான் அமைந்தது. அதுவரை பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து டோலியிலும் குதிரையிலும் நடந்தும் ஏற வேண்டும். இப்படி ஏறிய பிள்ளையை வார இறுதிக்கு வீட்டுக்கு அனுப்புவது நடவாத காரியம். விடுதியே முழு வீடாக இருந்தாக வேண்டிய கட்டாயம் இந்தத் தூரத்தால் வந்தது.

ஆனால் எந்த மாதிரி வீடு? இங்கே இருவேறு மரபுகள் உள்ளன. லவ்டேல் படைவீட்டு மரபில் வந்தது: நீண்ட கூடத்தில் வரிசைக் கட்டில்கள், சீருடை, அணிவகுப்பு, வாத்தியக் குழு, காலம் தவறாத மணி. கட்டிடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த பெரிய கட்டிடத்தின் நீண்ட தாழ்வாரங்களே அந்த ஒழுங்கைக் கற்பிக்கும். 1949-இல் அது படைத்துறையின் பொறுப்பிலிருந்து மத்தியக் கல்வி அமைச்சகத்துக்கு மாறிய பிறகு மாணவர்கள் மாறினார்கள், மாணவர்கள் பிரிந்து தங்கும் ஹவுஸ்களுக்கு நீலகிரி, விந்தியா, ஆரவல்லி, சுமேரு என்று மலைகளின் பெயர்கள் உள்ளன. அணிவகுப்பு மட்டும் போகவில்லை. கொடைக்கானலின் மிஷன் மரபு இதற்கு மாறாகக் குடும்பத்தைப் போலச் செய்ய முயன்றது: சிறு விடுதிகள், ஒவ்வொன்றிலும் பெற்றோர் நிலையில் ஒரு தம்பதி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கூட்டுப் பிரார்த்தனை, ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கடிதம். பின்னால் வந்த தனியார் பள்ளிகள் பலவும் இவ்விரண்டிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டன. அரசு விடுதிகளுக்கு இந்த இரண்டும் இல்லை. அவை நலத்துறையின் கோப்புகளிலிருந்து பிறந்தவை, அதனால் அங்கே வருகைப் பதிவேடும் இருப்புப் பதிவேடுமே அன்றாடத்தின் முதுகெலும்பு.

ஹவுஸ் என்பதைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். இங்கிலாந்தின் பழைய பள்ளிகளில் அது உண்மையிலேயே ஆசிரியர் குடும்பத்தோடு குடியிருந்த வீடு. 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, மேல்வகுப்பு மாணவர்களிடம் ஒழுங்கைக் காக்கும் அதிகாரத்தை முறையாக ஒப்படைத்தார். அந்த ஏற்பாடு கப்பலேறி இந்தியா வந்தபோது, சமவெளியின் சாதாரணப் பள்ளிகளில் வெறும் விளையாட்டு அணியாகவும் பனியனின் நிறமாகவும் சுருங்கிவிட்டது. மலைப் பள்ளிகளில் மட்டும் அது இன்னும் தூங்கும் இடம், சாப்பிடும் மேசை, சண்டை, நட்பு எல்லாமுமாக இருக்கிறது. பத்தாண்டு கழித்துச் சந்திக்கும் பழைய மாணவர்கள் முதலில் விசாரித்துக்கொள்வது எந்த ஆண்டு, எந்த ஹவுஸ் என்பதைத்தான்.

மலை விடுதியின் அன்றாடத்தை உண்மையில் ஆள்வது வார்டன் அல்லர், தண்ணீரும் குளிரும்தான். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர் உயரத்திலும் உள்ளன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி படர்கிறது. புட்டியில் தேங்காய் எண்ணெய் கட்டியாகி, அதைக் கொதிகலன் பக்கத்திலோ வெயில் விழும் ஜன்னலிலோ வைத்து இளக்கிய பிறகே தலைக்குத் தடவ முடியும். எழுபது பிள்ளைகள் உள்ள ஒரு விடுதியில் எல்லாருக்கும் தினமும் காலையில் வெந்நீர் கொடுப்பது எரிபொருள் கணக்காகவும் நேரக் கணக்காகவும் ஆகிவிடுவதால், குளியல் முறை வைத்து நடக்கிறது: இன்று இந்த வகுப்பு, நாளை அந்த வகுப்பு, சின்னவர்களுக்கு மாலையில். விறகடுப்பில் அண்டா வைத்துச் சுட வைக்கும் இடங்களில், பக்கெட்டோடு வரிசையில் நிற்பதே நாளின் முதல் பாடம். கடைசியில் நிற்பவருக்கு வெதுவெதுப்பே மிஞ்சும். முன்னால் நிற்பது யார் என்பதில்தான் விடுதியின் அதிகார அடுக்கு முதன்முதலாகத் தெரிகிறது.

அடுத்தது துணி. நீலகிரியில், குறிப்பாகக் கூடலூர்ப் பக்கம், ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். கொடைக்கானலில் அக்டோபர், நவம்பர் மழையே கனமானது. இந்த மாதங்களில் துவைத்த துணி நாட்கணக்கில் காயாது. ஈர சாக்ஸ், பூஞ்சை மணம் வீசும் ஸ்வெட்டர், கம்பளிக்குள் ஒடுங்கும் ஈரம், இவற்றுக்கு நடுவே நெருங்கி வாழும் பிள்ளைகளிடையே சளியும் சிரங்கும் பேனும் பரவுகின்றன. ஒரு கட்டிலில் தொடங்கும் அம்மையோ பொன்னுக்கு வீங்கியோ பல கட்டில்களைச் சுற்றிவிட்டே ஓய்கிறது. வசதியுள்ள பள்ளிகள் துணி உலர்த்தும் அறை வைத்திருக்கின்றன, ஒவ்வொரு துணியிலும் மாணவரின் எண்ணைத் தைக்கச் சொல்கின்றன, சலவைக்குத் தனி ஆட்களை வைத்திருக்கின்றன. அரசு விடுதியில் எட்டு வயதுப் பிள்ளை தன் துணியைத் தானே துவைக்கிறது. இதைத் தற்சார்பு என்று மெச்சுபவர்கள் உண்டு. மழைமாதத்தில் மாற்றுச் சீருடை ஒன்று மட்டுமே உள்ள பிள்ளைக்கு அது தற்சார்பாகப் படுமா என்பது எனக்கு ஐயமே. பெண் பிள்ளைகளின் விடுதியில் இந்தத் தண்ணீர்க் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. மாதவிடாய் நாட்களுக்கான நாப்கின் அரசுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கழிப்பறைக் குழாயில் இரவிலும் தண்ணீர் வருகிறதா, பயன்படுத்தியதைப் போட இடம் இருக்கிறதா என்பவையே அந்தப் பிள்ளை அந்த வாரம் வகுப்புக்கு வருமா என்பதை முடிவு செய்கின்றன.

சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவோம். விடுதிச் சோற்றைத் திட்டாத மாணவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அதை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது. தமிழ்நாட்டில் இது வெறும் உணவு விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி வைத்த செய்தி 1920-களின் நடுவில் வெளியானபோது, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய எதிர்ப்பு மாகாண அரசியலின் போக்கையே மாற்றியது. ஒரு விடுதியின் சாப்பாட்டு வரிசைக்கு அவ்வளவு எடை உண்டு. மலைப் பள்ளிகள் பொதுமேசையை இயல்பாக ஏற்றன என்றால், அங்கே சமத்துவ உணர்வு மிகுந்திருந்தது என்று உடனே பொருள் கொள்ளலாகாது; அவற்றின் தொடக்க கால மாணவர்கள் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமாக இருந்தார்கள், இந்தியப் பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் வந்தபோது மேசைகள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன. பிறகு வந்த பிள்ளைகள் அந்த மேசையில் வந்து அமர்ந்தார்கள், அவ்வளவே.

அரசு விடுதிகளின் கதை வேறு. ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் ஊரை விட்டு வந்து படிக்க ஓர் இடம் வேண்டும் என்ற தேவையிலிருந்து அவை எழுந்தன; துறைவாரியாக ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், கள்ளர் சீரமைப்பு என்று பெயர்ப்பலகையில் சமூகமும் சேர்ந்தே நின்றது. எந்த விடுதியில் தங்குகிறாய் என்று வகுப்பில் கேட்டாலே பிள்ளையின் சாதி வெளிப்பட்டுவிடும் நிலை. இந்த விடுதிகள் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதிகள் என்று ஒரே பெயர் வைக்கப்படும் எனத் தமிழக அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. பலகை மாறியதால் உள்ளே தங்குவோர் உடனே கலந்துவிடப் போவதில்லை என்றாலும், பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பலகை ஒரு பொருட்டே என்று நான் கருதுகிறேன்.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைப் புரிந்துகொள்ள நீலகிரியின் நில அமைப்பைப் பார்க்க வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு தொல்பழங்குடிகள் இங்கே வாழ்கின்றனர். பழனி மலையில் பளியரும் புலையரும் உள்ளனர். பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட ஊர்கள் காட்டுக்குள்ளும் தோட்டங்களின் ஓரத்திலும் சிதறிக் கிடக்கின்றன. யானையும் காட்டெருமையும் நடமாடும் வழியில் ஆறு வயதுப் பிள்ளையைத் தினமும் நடத்திக் கூட்டிப்போவது இயலாது. எனவே முதல் வகுப்பிலிருந்தே விடுதி. பழங்குடிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தின் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளிகள் ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன என்பதால், சின்னஞ்சிறு பிள்ளைகளின் சுமை மாநில அரசின் பள்ளிகள் மேல் விழுகிறது. பழங்குடியினர் அல்லாதவர்களுக்கும் தூரம் ஒரு தடைதான்: கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை போன்ற ஊர்களின் பிள்ளைகள் மேற்படிப்புக்கு நகரத்தில் தங்க நேர்வதற்குக் குறைவான பேருந்துகளே காரணம்.

இந்தப் பள்ளிகளைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் குறை, பிள்ளைகள் ஊருக்குப் போனால் திரும்புவதில்லை என்பது. விடுப்பு முடிந்து ஒரு வாரம் ஆகியும் கட்டில்கள் காலியாகக் கிடக்க, ஆசிரியர்கள் ஜீப் பிடித்து ஊர் ஊராகப் போய் அழைத்து வருவது இங்கே பலரும் அறிந்த காட்சி. அதைப் பெற்றோரின் அலட்சியம் என்று சொல்வது எளிது. கூடலூர்ப் பகுதியிலும் கொடைக்கானல் கீழ்மலையிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பி, மிளகு பறிப்புக் காலம். குடும்பமே வேலையிடத்துக்குப் பெயர்கிறது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்காள் தேவைப்படுகிறாள். இறப்புச் சடங்குக்கும் குலதெய்வ விழாவுக்கும் எல்லாரும் இருந்தாக வேண்டும். பள்ளி நாட்காட்டியோ இவற்றில் எதையும் அறியாது. மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகப் பெற்றோரின் பயண வசதியைப் பார்த்து ஆண்டு முழுவதையும் மாற்றியமைத்த இதே மலையில், காட்டுப் பிள்ளைகளுக்காகப் பத்து நாள் விடுமுறையை நகர்த்தி வைக்க இயலாது என்பதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

மொழியும் இதில் சேர்கிறது. பணியர் வீட்டிலும் காட்டுநாயக்கர் வீட்டிலும் பேசும் மொழி வகுப்பறைத் தமிழ் அன்று. பகலில் பாடம் புரியாத பிள்ளைக்கு இரவிலும் தன் மொழி பேச ஆள் இல்லையென்றால், அழுகை வயிற்றுவலியாக வெளிப்படும். ஒரே ஊரின் அக்காளும் தம்பியும் ஒரே விடுதி வளாகத்தில் இருக்கும் இடங்களில் இந்த நெருக்கடி பெருமளவு குறைகிறது. எட்டாம் வகுப்புப் பெண் இரண்டாம் வகுப்புத் தங்கைக்குத் தலைவாரிவிட்டு, அவளுடைய தட்டையும் கழுவி வைக்கிறாள். இந்த வேலைக்குச் சம்பளப் பட்டியலில் பெயர் கிடையாது. சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு விடுதியிலும் ஓர் ஆயாவாவது இரவில் தங்கினால், அந்தப் பெண்ணுக்கு அவளுடைய மாலை நேரம் திரும்பக் கிடைக்கும்.

மூத்தவர் இளையவர் உறவு எல்லா விடுதிகளிலும் இருமுனை உள்ளது. புதிதாக வந்து அழும் பிள்ளையை முதலில் தேற்றுவது ஆசிரியரைவிடப் பக்கத்துக் கட்டில் அண்ணனே. ஷூ பாலிஷ் போடச் சொல்வதும், வீட்டிலிருந்து வந்த முறுக்கு டப்பாவைக் காலி செய்வதும், சொன்னதைச் செய்யாதவனை இரவில் எழுப்பி நிற்க வைப்பதும் அதே அண்ணனாக இருக்கலாம். ஆர்னால்டு வழியில் வந்த ஏற்பாட்டின் பலமும் ஆபத்தும் ஒரே இடத்தில் உள்ளன: பெரியவர்கள் செய்ய வேண்டிய மேற்பார்வையைப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, நன்றாக நடக்கிறது என்று நம்பிக்கொள்வது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்ட பிறகு, தமிழகம் 1997-இல் ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. 2012-இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் முறைப்படுத்த 2014-இல் தமிழகம் தனிச் சட்டம் இயற்றியது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணை அழைக்க வேண்டிய பிள்ளையிடம் தொலைபேசி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான விடுதிகளில் கைப்பேசி அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டு, வாரத்தில் ஒருநாள் சில நிமிடங்களுக்கு வெளியே வருகிறது. பேசும்போது பக்கத்திலேயே ஒருவர் நிற்கிறார். கடிதக் காலத்தில் ஞாயிறு கடிதத்தை ஆசிரியர் படித்துப் பார்த்த பிறகு தபாலில் சேர்த்த பழக்கத்துக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. கைப்பேசியை எந்நேரமும் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாரும் ஒட்டுக் கேட்காமல் பேச ஓர் இடம் எந்த விடுதியிலும் இருக்க வேண்டும்.

பெற்றோர் மலைக்கு வந்து பார்ப்பதும் முன்போல் நினைத்தவுடன் நடப்பதில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். மண்சரிவு ஏற்பட்டால் குன்னூர்ச் சாலையோ கொடைக்கானல் சாலையோ மூடப்படும். கோடைச் சீசனில் சாலை நெரிசலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்கின்றன.

கடைசியாக, விடுதியை நடத்தும் மனிதர்கள். தனியார் பள்ளிகளில் ஹவுஸ் மாஸ்டர், மேட்ரன், செவிலியர், சமையற்காரர், சலவையாளர், இரவுக் காவலர் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஆள் உண்டு. இவர்களில் பலர் படுகர் ஊர்களிலிருந்தும், 1964-ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையிலிருந்து வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களிலிருந்தும் வருபவர்கள். முப்பது ஆண்டு மெஸ்ஸில் வேலை பார்த்த ஒருவருக்கு எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளை திங்கட்கிழமை சாப்பிடாமல் எழும் என்பதெல்லாம் பதிவேடு இல்லாமலே தெரியும். பழங்குடியினர் பள்ளிகளில் பெரும்பாலும் ஆசிரியரே காப்பாளர் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார். பகலில் ஐந்து வகுப்பு எடுத்துவிட்டு, அரிசி மூட்டைக் கணக்கை முடித்து, இரவு இரண்டு மணிக்கு வாந்தி எடுக்கும் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியவரும் அவரே. அண்மைக் காலத்தில் தனியார் விடுதிகள் சிலவும் சமையலையும் துப்புரவையும் காவலையும் ஒப்பந்த நிறுவனங்களுக்கு விட்டுவருகின்றன. செலவு குறைகிறது, சமையலறை மினுங்குகிறது. பருவத்துக்கொரு முறை ஆட்கள் மாறுவதால், முட்டை ஒவ்வாத பிள்ளையின் விவரம் ஒரு படிவத்துக்குள் போய்விடுகிறது. படிவம் அலுவலகத்தில் இருக்கிறது, அலுவலகம் மாலை 5 மணிக்குப் பூட்டப்படுகிறது. சேர்க்கைக்காக வரும் பெற்றோர் மைதானத்தையும் கணினி அறையையும் சுற்றிப் பார்க்கிறார்கள்; இரவில் அந்த மாடியில் எத்தனை பெரியவர்கள் தூங்குகிறார்கள், அவர்கள் அந்த வேலையில் சேர்ந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்பவர்கள் மிகச் சிலர்.